பச்சை எரிந்தாலும் தம்பியை இறக்காதீர்கள்

தலையில் கட்டும் சென்சார் பட்டையில் பச்சை விளக்கு எரிந்தது என்பதற்காக நாளை பாலக்கோடு கபடி மேட்ச்சில் தம்பியை இறக்க வேண்டாம். ரைடு போனபோது எதிராளியின் முழங்கால் நெற்றிப்பொட்டில் இடித்தது, பலத்த அடி என்று காட்டும் சிவப்பு எரியவில்லை, ஆனால் ராத்திரியிலிருந்து தலைவலி என்கிறீர்கள். அந்தத் தலைவலியைத்தான் நம்ப வேண்டும். தலை எவ்வளவு வேகமாக அசைந்தது, திரும்பியது என்பதைத்தான் சென்சார் அளக்கும், மூளைக்கு என்ன ஆனது என்று அதற்குத் தெரியாது.

சிவப்பு எரியாததற்குப் பட்டை நழுவியது காரணமாக இருக்கலாம். எண்ணெய் வைத்த தலை, வியர்வை, மண் எல்லாம் சேர்ந்தால் எது நிற்கும்? நான் பயிற்சி கொடுக்கும் ஊத்தங்கரைப் பையன் ஒருவனுக்கு இரண்டாம் பாதியில் பட்டை உச்சந்தலைக்கே ஏறிவிட்டது. ரக்பியில் 2024 முதல் பெரிய போட்டிகளில் சென்சாரைப் பல்லில் மாட்டும் பல்லுறைக்குள் வைக்கிறார்கள். மேல்பல் மண்டையோட்டோடு சேர்ந்தே அசையும், பட்டை மாதிரி நழுவாது.

தம்பியை ஆடவிட்டுப் பார்க்காமல், நீங்களே பட்டையைக் கட்டி நாலு முறை குதித்துப் பாருங்கள். விரல் நுனியால் தள்ளினால் நகர்ந்தால் அந்த அளவீடு உதவாது. அப்புறம் பட்டையின் ஆப்பில் அடி பதிவான நேரத்தை மேட்ச் வீடியோவோடு ஒப்பிடுங்கள்.

இன்னொன்று, சிடி ஸ்கேன் நார்மல் என்று வந்தாலும் கன்கஷன், அதாவது அடியில் மூளை குலுங்கிய பாதிப்பு, இருக்கலாம், அதனால் டாக்டர் சொல்லும்வரை களம் வேண்டாம். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சுக் குழறல், எழுப்பினாலும் தெளியாத தூக்கம், இதில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.