கணக்கில் 27 வாங்கிய பையனை எந்த டியூஷனில் சேர்ப்பது?

தேவகோட்டையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகன் ஒன்பதாம் வகுப்பு, காலாண்டுத் தேர்வில் கணக்கில் 27. இப்போதே பத்தாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்துவிடுவோம், வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்கிறது ஒரு டியூஷன் சென்டர். சேர்க்கலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம் அம்மா. 27 வாங்குகிற பிள்ளைக்குப் பெரும்பாலும் ஓட்டை விழுந்தது ஐந்தாவது, ஆறாவதில்தான். போன மாதம் காரைக்குடியில் என்னிடம் வந்த பையன் 3/4 + 2/5 = 5/9 என்று எழுதினான். நான் தப்பு என்று சொல்லவில்லை. "முக்காலோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் முக்காலைவிடக் குறையுமாப்பா?" என்று மட்டும் கேட்டேன். நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவன், தானே அழித்துவிட்டு 23/20 போட்டான். நாலைந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து நோட்டைப் பார்க்கிறவரால்தான் இப்படிக் கேட்க முடியும். தன் தப்பைத் தானே பிடிக்கிற பிள்ளைக்குக் கணக்கில் பயம் விட்டுப்போகும். அந்தக் காலத்தில் கடையில் பெட்டியடியில், அதாவது கல்லாப்பெட்டிப் பக்கம், உட்கார்ந்த பையன்கள் அரைக்காலையும் (1/8) மாகாணியையும் (1/16) மனசுக்குள்ளேயே கூட்டிய ஊர் அம்மா இது.

சென்டர்காரர்கள் சொல்லும் இன்னொரு கணக்கில் ஏமாறாதீர்கள். பத்தாம் வகுப்புத் தேர்வில் வடிவியலும் கிராஃபும் சேர்த்து 16, ஒரு மார்க் கேள்விகள் 14, ஆக 30. இன்னும் 5 தேற்றினால் பாஸ் என்பார்கள். பாஸ் ஆகலாம். பதினொன்றாவதில் முதல் மாதமே திணறுவான். அப்புறம், "பள்ளிக்கூட சாரிடமே சேருங்கள், தனியாகக் கவனிப்பார்" என்று வீட்டுக்கு ஆள் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பள்ளி ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவே சொல்கிறது. அதை யார் கேட்கிறார்கள்? எட்டாவது வரை எல்லோரையும் மேலே ஏற்றிவிட்டு, பின்னம் தெரியுமா என்று ஒருவரும் கேட்காமல் விட்டதால்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

ஒன்றை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். பையன் தமிழ் வழியில் படித்துவிட்டு நடுவில் ஆங்கில வழிக்கு மாறியவனா? அப்படியென்றால் கணக்கு டியூஷனே வேண்டியிருக்காது. ஒரு வாக்கியக் கணக்கை நீங்கள் தமிழில் வாசித்துச் சொல்லுங்கள். உடனே போட்டுவிட்டால், அவனுக்குக் கணக்கு வருகிறது, கேள்விதான் புரியவில்லை. 'டிஃபரன்ஸ்', 'அட் லீஸ்ட்', 'பெர்' போன்ற வார்த்தைகளைத் தமிழ் அர்த்தத்தோடு ஒரு நோட்டில் எழுத வையுங்கள். தினமும் இரண்டு கேள்விகளை அவன் உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும், விடை போட வேண்டாம். இப்படிப்பட்ட பிள்ளைகளை மக்கு என்று நினைத்துச் சென்டர் சென்டராக அலையவிட்ட வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

அதுவும் இல்லையென்றால், இந்தச் சனிக்கிழமை ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பின்னத்தில் ஐந்து, கழித்தல் குறி எண்களில் ஐந்து கணக்குகள் கொடுங்கள். திருத்தாமல் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் யாரிடமாவது போங்கள். தாளைப் பார்த்துவிட்டுச் சம்பளம் பேசுகிறவரிடம் சேருங்கள். பணத்தை மாதாமாதம் கொடுத்தால் போதும்.