எண்ணெய்ப்பனை: கன்று இருக்கட்டும், ஆலை எங்கே?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் கிணற்றுப் பாசனத்தில் மூன்று ஏக்கர் கடலை போடுகிறேன். பாமாயில் விலை ஏறிவிட்டது, எண்ணெய்ப்பனை வையுங்கள், வரப்புப் பனைகளை வெட்டினால் கூடுதலாகக் கன்று வைக்கலாம் என்கிறார் ஏஜெண்ட். காட்டை அழிக்கிற பயிர் அது என்று மகள் சண்டைக்கு வருகிறாள். என்ன செய்யட்டும் ஐயா?

பதில்: உங்கள் கொல்லையில் நட்டால் எந்தக் காடும் அழியாது. ஆனால் மகள் சொல்வது பொய்யில்லை. உலகப் பாமாயிலில் 80 சதவீதத்துக்கு மேல் இந்தோனேசியா, மலேசியாவில்தான் உற்பத்தியாகிறது. விலை ஏறினால் அங்கே காட்டை வெட்டி நடுகிறார்கள். காய்க்க மூன்று, நான்கு வருஷம். எல்லாத் தோப்பும் சேர்ந்து காய்ப்புக்கு வரும்போது விலை விழும். வெட்டின காடு வெட்டினதுதான்.

உங்களுக்கும் இதே கணக்குதான். இன்றைய விலைக்கு நட்டு, நாலு வருஷம் கழித்து இருக்கிற விலைக்கு விற்பீர்கள். 2022 மார்ச்சில் மலேசியாவில் டன் 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது, செப்டம்பருக்குள் ஏறக்குறைய பாதி. டெல்லியில் இறக்குமதி வரியை மாற்றினாலும் ஆடும்: 2024 செப்டம்பரில் ஏற்றினார்கள், 2025 மே மாதம் குறைத்தார்கள்.

சரி, நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். ஆலை எங்கே? குலையை வெட்டி 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்க வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறும், எடை மேடையிலேயே விலையைக் குறைப்பார்கள். கடலையைக் காயப்போட்டு, விலை வரும்வரை மூட்டையில் வைக்கலாம். கட்டுப்படியாகாவிட்டால் செக்கில் ஆட்டலாம். இந்தக் குலையை ஆவியில் வேகவைத்துப் பிழிய வேண்டும், ஊர்ச் செக்குக்கு ஆகாது. அந்த ஆலையை விட்டால் விற்க வேறு வழியில்லை. ஆலை தெரியாமல் கன்று வாங்குகிறவரை நான் விவசாயி என்று சொல்லமாட்டேன், ஏஜெண்ட்டின் வாடிக்கையாளர் என்பேன். கன்றுக்குக் கமிஷன் வாங்குகிறவர் குலை வெட்டுகிற அன்றைக்குப் போனை எடுக்கமாட்டார்.

அப்புறம் தண்ணீர். ஏக்கருக்கு 57 மரம், மூன்று ஏக்கருக்கு 171. கோடையில் காய்ப்பு மரம் ஒன்றுக்கு நாளைக்கு 200 லிட்டர் வைத்தாலும் 34,000 லிட்டர். சித்திரையில் உங்கள் கிணறு எவ்வளவு நேரம் ஓடும்? ஏஜெண்ட் மானியத்தைக் காட்டுவார், அது கிணற்றில் ஊறாது.

வரப்புப் பனையில் கைவைக்காதீர்கள். அதை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும்.

எந்த ஆலை, எத்தனை கிலோமீட்டர், வண்டி வாடகை யாருடையது என்று ஆலையின் முத்திரையோடு எழுதி வாங்கிவர ஏஜெண்ட்டிடம் சொல்லுங்கள். வரும்வரை கடலையே போடுங்கள். 45-ஆம் நாள் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இடுங்கள்.