ஈப்போவிலிருந்து கோத்தா பாருவுக்கு விமானத்தில் எவ்வளவு நேரம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து, கோத்தா பாருவில் படிக்கும் மகளைப் பார்க்கச் செல்லவிருக்கும் பெற்றோருக்காக, ஈப்போ, கோத்தா பாரு விமான நிலையங்களுக்கு இடையிலான தொலைவையும் பறக்கும் நேரத்தையும் கேட்டிருக்கிறீர்கள். நேர்க்கோட்டில் அது ஏறத்தாழ 220 கிலோமீட்டர். மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஏடிஆர் 72 விமானம் அதை அரை மணிக்குள் கடந்துவிடும் என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. 2,183 மீட்டர் உயரமுள்ள கோர்பு மலை ஈப்போவுக்கு அருகிலேயே நிற்பதால், தித்திவங்சா மலைத்தொடரைத் தாண்டும் உயரத்துக்கு ஏறவும், மறுபுறம் இறங்கவும், தரையில் ஓடுபாதைவரை ஊர்ந்து செல்லவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. நேரடி விமானம் இல்லையென்று கோலாலம்பூர் வழியாக மாறிச் சென்றால் அரை நாள் போய்விடும். அதைவிடக் கிரிக், ஜெலி வழியாகக் காரில் போவதே மேல் என்பேன். ஆனால் அந்தக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் இருட்டிய பிறகு காட்டு யானைகள் குறுக்கிடக்கூடும் என்பதால், காலையிலேயே புறப்பட்டு வெளிச்சத்திலேயே அதைக் கடந்துவிடச் சொல்லுங்கள்.