429 கோடியை வகுத்த 641

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி, 4294967297 என்று எழுதிக் காட்டி, “இது பகா எண்ணா, ஆயா?” என்று கேட்டாள். 2, 3, 5 என்று தொடங்கி 97 வரையுள்ள பகா எண்கள் அனைத்தாலும் கைப்பேசியில் வகுத்துப் பார்த்தேன். எதனாலும் மீதியின்றி வகுபடவில்லை. பகா எண் என்று சொல்லிவிடலாமா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: சொல்லிவிடக் கூடாது, அம்மா. பேத்தி பள்ளியில் நான்கு பில்லியன் என்று வாசிக்கும் இந்த எண், நம் வழக்கில் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. வகுத்துப் பார்த்தே முடிவு சொல்வதென்றால், இதன் வர்க்கமூலமான ஏறத்தாழ 65536-க்குக் கீழுள்ள 6542 பகா எண்களில் ஒன்றுகூட இதை வகுக்கவில்லை என்று கண்ட பிறகே பகா எண் என்று உறுதி கூற முடியும்.

32 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் கிடைப்பது இது. இதே முறையில், பெருக்கும் இரண்டுகளின் எண்ணிக்கையை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போனால் வரும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்களாக இருப்பதைக் கண்ட பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா, அடுத்து வருபவையும் அப்படியே இருக்கும் என்று 1640-இல் கருதினார். ஆனால் அதற்கான நிரூபணம் அவரிடம் இல்லை. 1732-இல் இருபத்தைந்து வயதுக் கணித அறிஞர் ஆய்லர், ஆறாவதாக வரும் இந்த எண் 641 × 6700417 என்று காட்டினார். இதன் பகாக் காரணி ஒவ்வொன்றும் 64-இன் மடங்கோடு ஒன்று கூடியதாகவே இருக்கும் என்று பின்னர் அவரே நிறுவினார். அந்த விதிப்படி 193, 257, 449, 577 ஆகியவற்றைச் சோதித்துவிட்டு ஐந்தாவதாகவே 641-ஐ எட்டிவிடலாம் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

பெரிய வகுத்தல் எதுவுமின்றி இதைப் பேத்திக்குக் காட்டவும் வழி உண்டு. 641 என்பது 625-உம் 16-உம் சேர்ந்தது. 28 இரண்டுகளின் பெருக்கத்தை 625-ஆல் பெருக்கினால், 640-ஐ நான்கு முறை எழுதிப் பெருக்கிய தொகை வரும், ஏனெனில் 640 என்பது 5 × 128, அந்த 128-இல் ஏழு இரண்டுகள் உள்ளன. அதே பெருக்கத்தை 16-ஆல் பெருக்கினால் 32 இரண்டுகளின் பெருக்கம் வரும். ஆகவே இவ்விரண்டு விடைகளின் கூட்டுத்தொகை 641-ஆல் மீதியின்றி வகுபடும். இனி, 640 × 640-இலிருந்து ஒன்றைக் கழித்தால் 639 × 641. அதனால் 640-இன் நான்காம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தாலும் 641-ஆல் வகுபடும். 641-ஆல் வகுபடும் அந்தக் கூட்டுத்தொகையிலிருந்து இதைக் கழியுங்கள், விடையும் 641-ஆல் வகுபடும்: 640-இன் அடுக்கு நீங்கி, 32 இரண்டுகளின் பெருக்கமும் ஒன்றும் மட்டுமே நிற்கும். அதுதான் பேத்தி எழுதிக் காட்டிய எண்.

65537-க்குப் பிறகு இவ்வரிசையில் இன்றுவரை ஒரு பகா எண்கூடக் கிடைக்கவில்லை. அடுத்த எண்ணான 18446744073709551617-க்கு 274177 என்னும் காரணியை 1880-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாண்ட்ரி கண்டார். அதிலிருந்து ஒன்றைக் கழித்து 256-ஆல் வகுத்தால் மீதி வருகிறதா என்று பேத்தியையே பார்க்கச் சொல்லுங்கள்.