கோல்ஃபில் அப்ரோச் ஷாட் (குழியுள்ள வழவழப்பான புல்தரையான கிரீனை நோக்கி அடிப்பது) கிரீனில் விழுந்ததும் பின்னால் உருண்டு வர என்ன செய்ய வேண்டும்?

"டிவியில் பார்க்கும் வீரர்கள் வெட்ஜால் (முகம் நன்றாகச் சாய்ந்த கிளப், அதாவது கோல்ஃப் மட்டை) அடித்தால் பந்து கொடியைத் தாண்டி விழுந்து, சரசரவென்று பின்னால் வருகிறது. நான் எவ்வளவு பலமாகக் கீழ்நோக்கி அடித்தாலும் விழுந்த இடத்திலிருந்து முன்னால்தான் ஓடுகிறது. எங்கே தப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தப்பு, பெரும்பாலும் அந்த "பலமாகக் கீழ்நோக்கி" என்பதில்தான். இதே ஆசையில் ஒரு முழு சீசனை வீணடித்தவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். கூட விளையாடும் ஒருவர் "பந்தைத் தரையோடு சேர்த்து நசுக்கு, தானாகச் சுழலும்" என்றார். நானும் நம்பினேன். பந்தை வலது கால் பக்கம் தள்ளி வைத்து, கைகளை முன்னால் சாய்த்து, கோடாலி போடுவது போல இறக்கினேன். ஃபேர்வேயில் (குட்டையாக வெட்டிய புல்பாதை) நான் பெயர்த்த டிவட்டில் (கிளப் பெயர்த்த பள்ளம்) ஒரு செடி நடலாம். மணிக்கட்டு வலி வந்தது, பேக்ஸ்பின் (பின்னோக்கிய சுழற்சி) வரவில்லை. பந்து முன்பைவிடத் தாழ்வாகப் பறந்து, முன்பைவிட அதிகமாக ஓடியது.

ஏன் என்று புரிய எனக்கு நாளானது. சுழற்சியைத் தீர்மானிப்பது கிளப் எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது என்பது மட்டும் அல்ல. பந்தைத் தொடும் கணத்தில் கிளப்பின் முகம் எத்தனை டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது, கிளப் எத்தனை டிகிரி கீழ்நோக்கி வருகிறது, இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோணம்தான் கணக்கு. இதற்கு ஸ்பின் லாஃப்ட் என்று பெயர். முகம் 40 டிகிரி சாய்ந்து, கிளப் 5 டிகிரி இறங்கி வந்தால் மொத்தம் 45. இப்போது கைகளை முன்னால் தள்ளி இன்னும் 5 டிகிரி செங்குத்தாக இறக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இறக்கம் 10 ஆகும், ஆனால் கைகள் முன்னால் போனதால் முகத்தின் சாய்வு 35 ஆகக் குறையும். கூட்டினால் மறுபடியும் அதே 45! பாடுபட்டதற்குப் பலன் இல்லை. போதாக்குறைக்குப் பந்து தாழ்வாகக் கிளம்பி, தட்டையாக வந்து விழுந்து, ஓடவும் செய்யும்.

சரி, முகத்தை நன்றாகத் திறந்து, அதாவது இன்னும் மேல்நோக்கிச் சாய்த்து, இந்தக் கோணத்தை எக்கச்சக்கமாகக் கூட்டினால்? அதுவும் ஓரளவுக்குத்தான். ஒரு கட்டத்துக்கு மேல் முகம் பந்தைப் பற்றாமல், பந்து அதன் மேல் வழுக்கி ஏறிப் போய்விடும். பந்து மிக உயரமாக, சுழற்சியே இல்லாமல் மிதந்து வந்து பொத்தென்று விழுந்து உருண்டால் நடந்தது இதுதான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆக, விஷயம் பிடிப்பு. கிளப்பும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருப்பது ஒரு விநாடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம். அதற்குள் உராய்வு பந்தைப் பற்றி நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுழல வைக்க வேண்டும். தொழில்முறை ஆண் வீரர்கள் பிட்சிங் வெட்ஜை முழு ஸ்விங்கில் அடித்தால் சராசரியாக 9,000 சுற்றுக்கு மேல் வருகிறது. நடுத்தர தூரத்துக்கான ஏழாம் நம்பர் அயர்ன் கிளப்பில் 7,000 சொச்சம், நீண்ட தூரம் அடிக்கும் டிரைவரில் 3,000-க்கும் கீழே. அந்த 9,000-க்குப் பின்னால் மணிக்கு 80 மைலுக்கு மேல் வரும் கிளப் வேகம் இருக்கிறது. நம்மில் பலருக்கு அந்த வேகம் கிடையாது. அதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

வேகம் இல்லாவிட்டாலும் பிடிப்பைக் காப்பாற்றிக்கொள்ளலாம். பிடிப்பைக் கெடுக்கும் முதல் எதிரி, நடுவில் மாட்டும் புல்லும் தண்ணீரும். சேற்றில் சிக்கிய சக்கரம் போலத்தான்: சுழல வேண்டியது வழுக்குகிறது. ரஃபிலிருந்து (ஃபேர்வேக்கு வெளியே உள்ள நீண்ட புல்) அடிக்கும்போது பந்துக்குப் பின்னால் புல் எழும்பி நின்றால், சுழற்சி பாதிக்கும் கீழே போனாலும் ஆச்சரியப்படாதீர்கள். சில சமயம் வழக்கத்தைவிட அதிக தூரமும் பறந்து கிரீனைத் தாண்டிவிடும். அதை 'ஃப்ளையர்' என்பார்கள். அந்த இடத்திலிருந்து பின்னால் இழுக்கும் ஷாட்டை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். கிரீனின் முன்பக்கம் விழ வைத்து ஓடவிடுவதுதான் புத்தி.

கிளப் முகத்தில் இருக்கும் குரூவ்கள் என்ற பள்ளக் கோடுகள்தான் பந்தைக் கடித்துச் சுழற்றுகின்றன என்று நான் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். காய்ந்த, சுத்தமான ஃபேர்வேயில் குரூவின் பங்கு குறைவுதான். வழுவழுப்பான டயர் காய்ந்த ரோட்டில் நன்றாகவே பிடிக்கும், மழை வந்தால்தான் பள்ளங்கள் தேவைப்படும், இல்லையா? குரூவும் அப்படித்தான். புல்லின் சாறும் ஈரமும் வெளியேற வழி விடுவது அதன் வேலை. தொழில்முறை வீரர்கள் ரஃபிலிருந்தும் பந்தைச் சுலபமாக நிறுத்திவிடுகிறார்கள் என்பதால்தான், 25 டிகிரியும் அதற்கு மேலும் லாஃப்ட் (முகச் சாய்வு) உள்ள கிளப்களில் குரூவின் கொள்ளளவையும் விளிம்பின் கூர்மையையும் கட்டுப்படுத்தும் விதி 2010-இல் பெரிய போட்டிகளில் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகும் நல்ல ஃபேர்வேயிலிருந்து அவர்கள் பந்தை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எனவே பழைய வெட்ஜை அரம் வைத்துக் கூராக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். விதிக்குப் புறம்பான கிளப்பாகவும் ஆகிவிடலாம். ஈரத் துண்டு ஒன்று, காய்ந்த துண்டு ஒன்று பையில் தொங்கட்டும். ஒவ்வொரு வெட்ஜ் ஷாட்டுக்கு முன்பும் முகத்தைத் துடையுங்கள். நான் செய்த மாற்றங்களிலேயே கஷ்டப்படாமல் பலன் தந்தது இது. பயிற்சி மைதானத்தில் ஒருநாள் சோதித்துப் பாருங்கள்: ஐந்து பந்து காய்ந்த முகத்தில், ஐந்து பந்து தண்ணீர் தெளித்த முகத்தில். ஈர முகத்திலிருந்து பந்து உயரமாகக் கிளம்புவது கண்ணுக்கே தெரியும். உயரம் அதிகம், சுழற்சி குறைவு.

அடுத்தது பந்து. இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். உறை யூரித்தேனா, அயனோமரா என்று பாருங்கள். நீண்ட தூரத்துக்கென்று விற்கும் இரண்டு அடுக்குப் பந்துகளில் பெரும்பாலும் அயனோமர் உறை. சர்லின் என்பது அதில் ஒரு வகை. அது கெட்டியானது, நாளாக உழைக்கும், வெட்ஜில் வழுக்கும். யூரித்தேன் உறை மெல்லியது, மென்மையானது. உள்ளே இருக்கும் கெட்டியான அடுக்குக்கும் கிளப் முகத்துக்கும் நடுவில் நசுங்கிப் பற்றிக்கொள்ளும். டிரைவரில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வெட்ஜில் அப்பட்டமாகத் தெரியும். பெட்டியில் 'சாஃப்ட்' என்று போட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது பல சமயம் பந்தின் உள்பகுதி மென்மையானது என்பதற்காக எழுதியது. உறை அயனோமராகவே இருக்கும். நான் ஒரு வருஷம் 'சாஃப்ட்' பந்தில் அடித்துவிட்டு என் ஸ்விங்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். பயிற்சி மைதானத்துப் பந்துகளைச் சொல்லவே வேண்டாம்; அவற்றில் வராத சுழற்சிக்காகக் கவலைப்படாதீர்கள்.

இனி ஸ்விங். முதலில் பந்து, பிறகு தரை. இவ்வளவுதான். டிவட் பந்துக்கு முன்னால் ஆரம்பிக்க வேண்டும், ஆழமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. புல்லைச் சீவினாற்போல இருந்தால் போதும். தொழில்முறை வீரர்களே பிட்சிங் வெட்ஜில் சராசரியாக 5 டிகிரி அளவில்தான் கீழ்நோக்கி வருகிறார்கள். தரையில் ஒரு கோடு போட்டு, பந்தில்லாமலே அந்தக் கோட்டுக்கு முன்பக்கம் மட்டும் புல் எழும்பும்படி வீசிப் பழகுங்கள். செயற்கைப் புல் விரிப்பில் பழகினால் ஒரு வம்பு: கிளப் பந்துக்குப் பின்னால் இடித்தாலும் வழுக்கிப் போய்ப் பந்தை எடுத்துவிடும், நீங்களும் நன்றாக அடித்ததாக நினைத்துக்கொள்வீர்கள். கைப்பிடியை இறுக்காமல், மார்பு இலக்கைப் பார்த்துத் திரும்புவது நிற்காமல், கிளப் வேகம் குறையாமல் அடித்தால் மீதி தானாக வரும். பந்து முகத்தின் கீழ்ப் பாதியில் படுகிறதா என்று அடித்த தடத்தைப் பார்த்தும் தெரிந்துகொள்ளலாம். மேலே பட்டால் உயரமாகப் போகும், சுழலாது.

இடையில் ஒரு பழைய கதை. 1890-களில் எடின்பரோவில் பீட்டர் கத்ரி டெய்ட் என்ற இயற்பியல் பேராசிரியர், கோல்ஃப் பந்து ஏன் அவ்வளவு நேரம் காற்றில் நிற்கிறது என்று ஆராய்ந்தார். பந்தில் ஒரு நாடாவைக் கட்டி அடிக்கச் சொல்லி, நாடாவில் விழுந்த முறுக்குகளை எண்ணிச் சுழற்சியைக் கணக்கிட்டார். பந்தைத் தூக்கிப் பிடிப்பதே பேக்ஸ்பின்தான் என்று காட்டியவர் அவர். அவருடைய மகன் ஃப்ரெடி டெய்ட் 1896-லும் 1898-லும் பிரிட்டிஷ் அமெச்சூர் சாம்பியன்.

இந்தத் தூக்கிப் பிடிக்கும் வேலைதான் உங்களுக்கும் எனக்கும் உதவப் போவது. பந்து நிற்பதற்குச் சுழற்சி ஒரு காரணம் என்றால், எவ்வளவு செங்குத்தாக விழுகிறது என்பது இன்னொரு காரணம். நல்ல வெட்ஜ் ஷாட் 50 டிகிரி அளவில் இறங்குகிறது. வேகம் இல்லாதவர்கள் உயரத்தை வைத்து நிறுத்தலாம். எதிர்க்காற்று இருந்தால் இன்னும் செங்குத்தாக விழும், பின்காற்றில் தட்டையாகிவிடும். பின்காற்றில் பந்தை இழுக்க முயல்வது வீண் வேலை.

கிரீனும் ஒத்துழைக்க வேண்டும். டிவியில் பார்க்கும் அந்தக் காட்சிகளைக் கவனியுங்கள்: கிரீன் பெரும்பாலும் முன்பக்கம் சரிந்திருக்கும், பந்து விழுந்து குழி போடும் அளவுக்கு மேல்மண் இளகியிருக்கும். கெட்டியான கிரீனில் அதே ஷாட் ஒரு முறை முன்னால் குதித்து, இரண்டாவது குதிப்பில் பிரேக் போட்டு நிற்கும். அவ்வளவுதான் வரும்.

நேர்மையாகச் சொன்னால் அந்த 'குதித்து நிற்பது'தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய ஷாட். பின்னால் வருவதைத் தொழில்முறை வீரர்களே பல நேரம் விரும்புவதில்லை, எவ்வளவு வரும் என்று கணிக்க முடியாது. 1996 மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசிச் சுற்றில் கிரெக் நார்மன் ஆறு ஸ்ட்ரோக் (அடி) முன்னிலையோடு தொடங்கினார். ஒன்பதாவது குழியில் அவர் அடித்த அப்ரோச் கிரீனின் முன்பகுதியில் விழுந்து, பின்னால் உருண்டு, கிரீனை விட்டே கீழே இறங்கிப் போனது. அங்கே ஒரு போகி (நிர்ணயித்த அடிகளைவிட ஒன்று அதிகம்). நாள் முடிவில் நிக் ஃபால்டோவிடம் ஐந்து ஸ்ட்ரோக்கில் தோற்றார். தோல்விக்கு அந்த ஒரு ஷாட்டே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேக்ஸ்பின் கேட்பவர்களுக்கெல்லாம் அதைத்தான் காட்டுவேன்.

எனக்கு ஒரே ஒரு முறை பந்து உண்மையிலேயே பின்னால் வந்திருக்கிறது. கொடியிலிருந்து நாலடியில் விழுந்தது, இருபதடியில் போய் நின்றது. கூட இருந்தவர்கள் கைதட்டினார்கள். மூன்று பட் (கிரீனில் பந்தைக் குழியை நோக்கி உருட்டும் அடி) போட்டேன்.

அடுத்த சில ரவுண்டுகளுக்கு ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு அப்ரோச்சுக்கும் கிரீனில் பந்து விழுந்த குழியான பிட்ச் மார்க்கைத் தேடி, அதிலிருந்து பந்து எத்தனை அடி ஓடியிருக்கிறது என்று ஸ்கோர் கார்டின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே எந்தக் கிளப், ஃபேர்வேயா ரஃபா என்றும் எழுதுங்கள். எனக்கு ஃபேர்வேயிலிருந்து வெட்ஜுக்குச் சராசரி 14 அடியாக இருந்தது. பந்தை மாற்றி, முகத்தைத் துடைக்க ஆரம்பித்த பிறகு 6 அடி. குறித்து முடித்ததும் அந்தக் குழியைச் சரிசெய்துவிட்டு பட் போடுங்கள்.