கேள்வி கேட்டால் துரோகியா?

ஐயா,

குடியாத்தத்தில் நாங்கள் சிலர் ஞாயிறுதோறும் கூடி, தனிமனித சுதந்திரத்தையும் பகுத்தறிவையும் வலியுறுத்திய அமெரிக்க எழுத்தாளர் அயன் ராண்டைப் படிக்கிறோம். சுயமாகச் சிந்திப்பதுதான் எங்கள் முதல் பாடம். போன மாதம் ஒரு நண்பர் வேறொரு அமைப்பின் கூட்டத்தில் பேசினார் என்று அவரை விலக்கிவிட்டார்கள். என்ன பேசினார் என்று யாரும் கேட்கவில்லை. கொள்கையைக் காக்க இது தேவையா? நான் விலகிவிடலாமா?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

'என்ன பேசினார் என்று யாரும் கேட்கவில்லை' என்ற வரிதான் என்னை உறுத்துகிறது. ராண்டின் இயக்கத்துக்கு இது புதிதல்ல. 1989-ல் அந்த இயக்கத்தைச் சேர்ந்த தத்துவ அறிஞர் டேவிட் கெல்லி, அரசின் தலையீடு குறைய வேண்டும் என்னும் லிபர்டேரியன்களின் கூட்டத்தில் பேசியதையொட்டி இப்படித்தான் விலக்கப்பட்டார். அந்தச் சர்ச்சையில் நல்ல கேள்வி ஒன்று இருந்தது: ராண்டின் தத்துவம் அவரோடு முடிந்துவிட்டதா, இன்னும் வளருமா? அதை உட்கார்ந்து பேசியிருக்கலாம். யார் நம்மவர் என்பதில் போய் முடிந்தது.

ஆரணி பக்கத்து அடையபலத்தில் பிறந்த அப்பைய தீட்சிதரை நினைத்துப் பாருங்கள். 16-ஆம் நூற்றாண்டில் வேலூர் சின்ன பொம்ம நாயக்கர் ஆதரித்த அறிஞர். அழுத்தமான சிவபக்தர். கடவுளும் உயிரும் வேறுவேறு என்னும் மத்வ மதத்தைச் சாடித் தனி நூலே எழுதியவர். சமரசவாதி என்று அவரைச் சொல்ல முடியாது. ஆனால் 'சதுர்மதசாரசங்கிரகம்' நூலில், வேதாந்தத்துக்கு வெவ்வேறு விளக்கம் தந்த மத்வர், ராமானுஜர், ஸ்ரீகண்டர், சங்கரர் நால்வரின் கருத்தையும் அவரவர் நிலையில் நின்றே எடுத்துச் சொல்கிறார். 'சித்தாந்தலேசசங்கிரகம்' எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. ஜீவன் ஒன்றா பலவா என்பதில்கூட சங்கரர் வழிவந்த அத்வைதிகள் தங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அந்தச் சண்டைகளை மறைக்காமல் ஒன்றுதிரட்டி வைத்தார். யாரையும் அத்வைதி இல்லை என்று தள்ளவில்லை.

உங்கள் நண்பர்களைக் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. படிக்கத்தான் சேர்கிறோம். போகப்போக நட்பு, அவசரத்துக்குக் கைமாற்று, சில சமயம் பெண் கொடுத்து எடுப்பதுவரை அந்த வட்டத்துக்குள்ளேயே நடக்கிறது. அப்புறம் ஒரு வாதம் தப்பு என்று பட்டாலும் வாய் வராது. சொன்னால் இழக்கப்போவது கருத்தை மட்டுமல்லவே.

உடனே விலக வேண்டாம். அடுத்த ஞாயிறு, விலக்கப்பட்டவர் என்ன பேசினார் என்பதை அவரே 'ஆமாம், இதைத்தான் சொன்னேன்' என்று ஒப்புக்கொள்ளும்படி யாராவது ஒருவர் எடுத்துச் சொல்லட்டும் என்று கேளுங்கள். அவரையும் கூப்பிடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு எவ்வளவு கடுமையாக மறுத்தாலும் சரி. கூப்பிடவே மாட்டோம் என்றால் விலகிவிடுங்கள். ராண்டை வீட்டிலிருந்தே படிக்கலாம். அந்த நண்பரும் கூட இருப்பார்.