கொழுப்பு வீதம் காட்டும் தராசை நம்பலாமா?

ஜிம் தராசில் 24 வீதம், வீட்டுத் தராசில் 29. எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே கணிப்புத்தான். தராசு கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. எங்களுக்குத் தெரியாத அளவு சின்ன மின்னோட்டத்தைப் பாதம் வழியாக அனுப்பி, உடல் காட்டும் தடையைப் பார்க்கிறது. தசையில் முக்கால்வாசி தண்ணீர். மின்சாரம் இலகுவாகப் போகும். கொழுப்பில் தண்ணீர் குறைவு, தடை கூட. மிச்சத்தை உங்கட உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதை வைத்து ஒரு சமன்பாடு நிரப்பும்.

அதனால் நல்லூர் வெயிலில் திரிந்து உடம்பு வற்றிப்போய் ஏறினால், கொழுப்புக் கூடினமாதிரிக் காட்டலாம். பாதத்தால் மட்டும் அளக்கும் தராசில் மின்னோட்டம் ஒரு காலால் ஏறி மற்றக் காலால் இறங்கிவிடும். வண்டியை, அதாவது வயிற்றுப் பகுதியை, அது பெரிதாகக் கண்டுகொள்வதில்லை (பிரச்சினையே அங்கேதானே!). டெக்ஸா ஸ்கானோடு (எக்ஸ்ரே கதிரால் உடற்கொழுப்பை அளக்கும் பரிசோதனை) ஒப்பிட்டால் சில வீதம் தள்ளி நிற்பது சாதாரணம்.

ஒரே தராசில், காலமை வெறும் வயிற்றோடு ஏறி, மாதக்கணக்கில் போக்கைப் பாருங்கோ. மின்னோட்டம் போவதால், பேஸ்மேக்கர் (இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி) வைத்தவர்கள் ஏறவே வேண்டாம்.